நகர சபைக் காசு எங்கே போகிறது? கேட்க நான்கு வழி, முதலில் எது?

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நாலு கடைக்காரர்கள் சேர்ந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: "இவ்வளவு வரி கட்டுறோம், சந்தைக்குப் பின்னால இருக்கிற கானைக்கூட ஒழுங்காத் துப்பரவாக்க மாட்டேங்கிறாங்க." கோபம் நியாயமானதுதான். ஆனால் எந்த வரி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் வற் வரியைச் சொல்வார், ஒருவர் கடை வாடகையைச் சொல்வார், இன்னொருவர் லைசன்ஸ் காசைச் சொல்வார். இதைப் பிரித்துக்கொள்ளாமல் எந்தக் கதவைத் தட்டினாலும், "அது எங்க கையில இல்லை" என்று ஒரே வார்த்தையில் ஆளை அனுப்பிவிடுவார்கள்.

பிரித்துப் பார்ப்போம். கடையில் பொருள் வாங்கும்போது விலையோடு போகிற பெறுமதி சேர் வரி, அதாவது வற், 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். பதிவு செய்ய வேண்டிய எல்லை அப்போது ஆண்டுக்கு 6 கோடி ரூபாய் வியாபாரம் என்று வைக்கப்பட்டது. அதனால் நம் ஊர்ச் சில்லறைக் கடைகளில் பல, பில்லில் வற் போடுவதில்லை. ஆனாலும் மொத்த வியாபாரியிடமிருந்து வரும் விலைக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 வீதமும் அப்படித்தான். இரண்டும் நேரே கொழும்புக்கு, அரசாங்கத்தின் பொதுக் கணக்கான திரட்டு நிதிக்குப் போகின்றன. சிவனொளிபாதமலை சீசனில் ஹட்டன் பஸ் நிலையத்தைச் சுற்றி எத்தனை இலட்சத்துக்கு பிஸ்கட் விற்றாலும், அந்த விற்பனையின் வரியில் ஒரு சதம்கூட நேரடியாக ஹட்டன்-டிக்கோயா நகர சபையின் கணக்கில் விழாது.

முன்பு கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி மொத்த, சில்லறை விற்பனைமீது புரள்வு வரி, அதாவது விற்ற மொத்தத் தொகைமீதான வரி, அறவிடும் அதிகாரம் மாகாண சபைகளுக்குக் கிடைத்தது. 2011 தொடக்கத்தில் அதை நிறுத்தி, அதற்குப் பதிலாக நாட்டைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கை மாகாணங்களுக்குக் கொடுத்தார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். வியாபாரத்தின் வரிக்கும் அந்த வியாபாரம் நடக்கிற ஊருக்கும் இருந்த கடைசி நூலும் அப்படித்தான் அறுந்தது.

வேறு நாட்டு நடைமுறை ஒன்றை இங்கே சொல்லலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் நகரங்களும், கவுண்டி எனப்படும் மாவட்டங்களும் விற்பனை வரியோடு தங்களுக்கென்று ஒரு பங்கைச் சேர்த்து அறவிட முடியும். கலிபோர்னியாவில் குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக அப்படி வரி போடுவதானால், பொதுவாக வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் 2008 நவம்பரில் போக்குவரத்துக்கென 30 ஆண்டுகளுக்கு அரை வீத விற்பனை வரியை மக்கள் அப்படி ஏற்றுக்கொண்டார்கள். செலவைப் பார்க்கத் தனியாக ஒரு மேற்பார்வைக் குழுவும் வைத்தார்கள். அங்கே ஒருவர் "அந்த அரை வீதம் எங்கே போனது?" என்று கேட்டால், பதில் சொல்லத் தனிக் கணக்கே இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. ஆகவே இங்கே கேள்வியை வேறு விதமாகத்தான் வெட்டியெடுக்க வேண்டும்.

சபை பதில் சொல்லியே ஆக வேண்டிய பணம் எது? கட்டடங்களுக்கான மதிப்பீட்டு வரி, வியாபார உரிமக் கட்டணம், சபைக்குச் சொந்தமான கடைகளின் வாடகை, சந்தைக் குத்தகை, வாகனத் தரிப்பிடக் குத்தகை, விளம்பரப் பலகைக் கட்டணம், மாகாணம் வழியாக வந்து சேரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம். நுவரெலியா மாநகர சபையானால் விக்டோரியா பூங்கா நுழைவுச்சீட்டும் ஏப்ரல் வசந்தகாலக் கடைக் குத்தகைகளும் சேரும். நம் கடைக்காரர் ஒருவர் கையால் எண்ணிக் கொடுக்கிற காசு பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. கேள்வியும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சரி, ஓர் ஊர் வர்த்தகர் சங்கம் கேட்கத் தீர்மானித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சந்தையிலிருந்து வந்த வருமானம் எவ்வளவு, அதில் சந்தைக்கே எவ்வளவு செலவானது என்பதுதான் கேள்வி. அடுத்த பாதீட்டுக்கு முன் பதில் வேண்டும். நான்கு வழி இருக்கிறது: சபை உறுப்பினரைப் பிடிப்பது, சபைக் கூட்டத்துக்குப் போய் உட்காருவது, கணக்காய்வு அறிக்கையைத் தேடிப் படிப்பது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்பது.

உறுப்பினரைப் பிடிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். செலவில்லை, ஒரு போன் கோல் போதும். "அண்ணே, அந்த சந்தைக் காசு என்னாச்சு?" என்று கேட்டால் அன்று மாலைக்குள் ஏதோ ஒரு பதில் வந்துவிடும். எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை மாதிரியான விஷயங்களுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. அதற்கெல்லாம் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போவது வீண் வேலை. ஆனால் கணக்கு என்று வரும்போது இந்த வழியில் இரண்டு கோளாறு. வருகிற பதில் வாய்ப்பேச்சு. நாளைக்கு அவரே "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று சொல்லிவிட்டால் நம் கையில் எதுவும் இருக்காது. இரண்டாவது கோளாறு மலையகத்தில் இன்னும் ஆழமானது. தண்ணீர்க் குழாய் முதல் வீட்டுத்திட்டம் வரை எல்லாமே தலைவர் தயவில், தொழிற்சங்கத்தின் தயவில் வந்ததாகச் சொல்லிச் சொல்லியே இங்கே பல தலைமுறை பழகிவிட்டது. கணக்கையும் அதே தயவில் வாங்கினால், அடுத்த தேர்தலில் அது ஒரு கடனாக வந்து வாசலில் நிற்கும். எதிர்க்கட்சி உறுப்பினரிடம் கேட்டாலோ, கணக்கு வருகிறதோ இல்லையோ, அறிக்கை ஒன்று பத்திரிகையில் வரும். சங்கத்துக்குக் கட்சிச் சாயமும் பூசிவிடுவார்கள். சந்தைக் கேள்விக்கு இது எனக்குக் கடைசித் தெரிவு.

சபைக் கூட்டம் மாதம் ஒருமுறை நடக்கிறது. பொதுமக்கள் பார்வையாளர்களாகப் போய் உட்காரலாம். நம் ஆட்கள் போவதில்லை, அவ்வளவுதான். போனால் யார் எதற்கு எதிர்ப்புச் சொல்கிறார், எந்த வேலைக்கு அவசரமாக ஒப்புதல் எடுக்கிறார்கள் என்பது நேரே தெரியும். ஆனால் அங்கே கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டமாட்டார்கள். பார்வையாளருக்குப் பேசவும் இடமில்லை. தவிசாளரும் உறுப்பினர்களும் பேசுவதைக் கேட்டுவிட்டு வரலாம். பாதீடு வருகிற நவம்பர், டிசம்பர் கூட்டங்கள் மட்டும் விதிவிலக்கு. அன்றைக்கு மண்டபத்தில் ஒரு சங்கத்தின் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலே பேச்சின் தொனி மாறும்.

இந்த வழியின் பலவீனத்தை 2023இல் எல்லோரும் பார்த்தோம். 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது; தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் இரண்டு வருடத்துக்கும் மேலாக உறுப்பினரும் இல்லை, சபைக் கூட்டமும் இல்லை. செயலாளர்களும் ஆணையாளர்களும் நிர்வாகத்தை ஓட்டினார்கள். வாடகையும் உரிமக் கட்டணமும் மட்டும் நிற்கவில்லை. அந்தக் காலத்தில் முதல் இரண்டு வழியும் அடைபட்டுக் கிடந்தன. மற்ற இரண்டும் திறந்தே இருந்தன. 2023, 2024 ஆண்டுச் செலவுகளை இன்று பதவியில் இருக்கிற உறுப்பினரிடம் கேட்டால் "அது நாங்க வர முன்னம் நடந்தது" என்றுதான் சொல்வார். அவர் சொல்வது பொய்யும் இல்லை.

கணக்காய்வு அறிக்கையைப் பற்றி நம் ஊரில் பேசுபவர்களே குறைவு. மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ, எதுவானாலும் அதன் கணக்கை ஒவ்வொரு ஆண்டும் கணக்காய்வாளர் நாயகம் பரிசோதிக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரையில் இருக்கிறது. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசியக் கணக்காய்வுச் சட்டம் அதற்கு இன்னும் பலம் கொடுத்தது. அறிக்கைகள் தேசியக் கணக்காய்வு அலுவலகத்தின் இணையத்தளத்தில் வெளியாகின்றன. அறவிடாமல் விட்ட வாடகை நிலுவை, ஒப்பந்தம் புதுப்பிக்காத கடைகள், வாங்கிவிட்டு ஓடாமல் நிற்கும் வாகனம், கட்டிவிட்டுப் பூட்டிக் கிடக்கும் கட்டடம் என்று சபைக்கு வெளியே யாரும் சொல்லாத விஷயங்கள் அதில் இலக்கத்தோடு இருக்கும். எழுதியவருக்கு நம் ஊர்க் கட்சி அரசியலில் பங்கில்லை என்பதே பெரிய ஆறுதல். பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குக் குழு, நாம் கோபா என்று செய்தியில் கேட்பது, இதை வைத்துத்தான் சபை அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கிறது.

குறைகளும் உண்டு. ஆண்டு முடிந்து பல மாதம் கழித்துத்தான் அறிக்கை வரும். தமிழில் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். சிங்களமோ ஆங்கிலமோ படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டியிருக்கும். கணக்காய்வாளர் தொட்டதைத்தான் தொட்டிருப்பார். நம் சந்தையைப் பற்றி அந்த ஆண்டு ஒரு வரியும் இல்லாமல் போகலாம். ஆனாலும் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டுவதில் இதற்கு நிகரில்லை. சந்தைக் கடை வாடகை நிலுவை பற்றி அதில் ஒரு பந்தி இருந்தால், நம் கேள்வி பாதி எழுதியாகிவிட்டது.

இனித் தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம்; 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு சபையிலும் ஒரு தகவல் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்வது அந்த உத்தியோகத்தரின் கடமை. தமிழில் எழுதலாம். பாதிக்கும் மேற்பட்டோர் தமிழராக இருக்கிற நுவரெலியா மாவட்டத்தில் "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்க" என்று யாராவது சொன்னால், அதற்குப் பணிய வேண்டியதே இல்லை.

காலம்தான் இதன் விலை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தருவதாக முடிவானால் கட்டணத்தைக் கட்டிய 14 நாட்களுக்குள் தகவல் கைக்கு வர வேண்டும். தகவல் நிறைய என்றால் மேலும் 21 நாட்கள் வரை நீட்டிக்கொள்ளலாம். மறுத்தாலும், பேசாமல் இருந்தாலும், 14 நாட்களுக்குள் அதே சபையில் மேன்முறையீட்டைப் பார்க்கிற குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவருக்கு மூன்று வாரம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. கூட்டிப் பார்த்தால், ஓகஸ்ட் தொடக்கத்தில் கொடுத்த விண்ணப்பத்துக்கு, ஊர் மட்டத்து மேன்முறையீடு வரை போனாலும், ஒக்டோபர் கடைசிக்குள் ஒரு முடிவு தெரிந்துவிடும். நவம்பரில் கொடுத்தால் பாதீடு போன பிறகுதான் பதில் வரும்.

பணச் செலவு மிகச் சிறியது. 2017 கட்டண விதிகளின்படி முதல் நான்கு பக்கம் இலவசம். அதற்குமேல் ஏ4 போட்டோ கொப்பி ஒரு பக்கம் 2 ரூபாய். ஆவணங்களை அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்வையிட முதல் ஒரு மணித்தியாலம் இலவசம், பிறகு மணிக்கு 50 ரூபாய். இந்தப் பார்வையிடும் வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது அதுதான். கொப்பி கேட்டால் அவர்கள் தெரிந்தெடுத்துக் கொடுப்பதுதான் கைக்கு வரும். கோவையை மேசையில் வைத்துப் புரட்டினால், எந்த வவுச்சர் இருக்கிறது, எது இல்லை, எந்தப் பில்லில் திகதி திருத்தியிருக்கிறார்கள் என்பது கண்ணில் படும். அப்புறம் வேண்டிய பக்கத்துக்கு மட்டும் கொப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வழியில் தோற்பவர்கள் பெரும்பாலும் கேள்வியில்தான் தோற்கிறார்கள். "வரிப் பணத்தை எப்படிச் செலவு செய்தீர்கள்?" என்று எழுதினால் பாதீட்டுச் சுருக்கம் ஒன்றை நீட்டிவிடுவார்கள், சட்டப்படி அது பதில்தான். "ஏன் சந்தையைத் திருத்தவில்லை?" என்பது விளக்கம் கேட்பது, சட்டம் தருவது கையில் உள்ள தகவலை. ஓர் ஆண்டு, ஒரு வருமானம், ஒரு செலவுத் தலைப்பு, அதற்கான ஆவணம் என்று சுருக்கினால் தப்ப இடமில்லை. டெண்டர் பற்றிக் கேட்டால் "ஒப்பந்தக்காரரின் வியாபார இரகசியம்" என்று மறுக்கப் பார்ப்பார்கள். சட்டத்தின் 5ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு உண்டு. அதே பிரிவின் கடைசியில், பொதுநலன் மேலோங்கினால் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இருக்கிறது. மேன்முறையீட்டில் இதை ஒரு வரி சேர்த்துக்கொண்டால் நல்லது.

யார் பெயரில் கேட்பது என்பது சின்ன ஊர்களில் பெரிய கேள்வி. காரணம் சொல்ல வேண்டாம் என்று சட்டம் சொன்னாலும், கேட்டது யார் என்று மறுநாளே பஸ் நிலையம் வரை தெரிந்துவிடும். சபைக் கடையை வாடகைக்கு வைத்திருப்பவர், ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் இதை நினைத்துப் பயப்படுவது வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. கேட்கும் உரிமை பிரஜைக்குத்தான். ஆனால் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது பிரஜைகளாக இருக்கிற ஒரு சங்கமும் பிரஜையாகக் கருதப்படும். ஆகவே சங்கத்தின் கடிதத் தலைப்பிலேயே கேட்கலாம். தனி ஆள் யாரும் முன்னால் நிற்க வேண்டியதில்லை.

பிரஜை என்று எழுதும்போது மனம் கொஞ்சம் நிற்கிறது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களின் கடைசிப் பகுதிக்கு 2003இல்தான் சட்டம் போட்டு அந்த உரிமை கிடைத்தது. சபைக் கணக்கைக் கேட்கும் பழக்கம் இங்கே மெதுவாக வளர்வதற்குச் சோம்பலைக் காரணம் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு கொஞ்சம் மாறும். 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட முடியாது என்று முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018இல் அதைத் திருத்தினார்கள். அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் இரண்டும் ஆறாகப் பிரிந்து, அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் சபைகள் புதிதாக வந்தன. ஆனால் லயத்துக்குப் போகிற பாதை யாருடையது என்று கேட்டால், சபை தோட்டக் கம்பனியைக் காட்டும், கம்பனி சபையைக் காட்டும். புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. இந்தப் பந்தாட்டத்துக்கு நடுவில் உறுப்பினரிடம் கேட்பதால் பிரயோசனமில்லை. பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பம், அதிகார சபைக்கு ஒரு விண்ணப்பம்: குறிப்பிட்ட ஆண்டில் இந்தத் தோட்டப் பிரிவுகளுக்குள் செலவிட்ட தொகை, வேலையின் பெயர், ஒப்பந்தக்காரர். இல்லை என்று எழுத்தில் வந்தாலும் அது ஒரு பெறுமதியான கடதாசிதான்.

சந்தைக் கேள்விக்குத் திரும்பினால், என் தெரிவு தகவல் அறியும் உரிமைதான். ஆனால் அதைத் தனியாக எடுக்கமாட்டேன். ஜூலையில் கடைசியாக வந்த கணக்காய்வு அறிக்கையை யாரையாவது வைத்துப் படித்துச் சந்தை, வாடகை என்று வருகிற பந்திகளைக் குறித்துக்கொள்வது; ஓகஸ்டில் சங்கத்தின் பெயரில் விண்ணப்பம்; கிடைத்த ஆவணத்தோடு நவம்பர் கூட்டம். உறுப்பினரைப் பார்ப்பதானால் ஆவணம் கைக்கு வந்த பிறகு பார்க்கலாம். அப்போது அவரிடம் கேட்க வேண்டியது தகவலை அல்ல, பாதீட்டில் சந்தைக்கென ஒரு தலைப்பை முன்மொழிவதை. அவசரமும் கோபமும் அதிகமாக இருக்கிற சங்கத்துக்கு இந்த ஒழுங்கு பிடிக்காது, மூன்று நான்கு மாதம் போகும். அவர்கள் கூட்டத்துக்கே போகட்டும். வெறுங்கையோடு போகிறோம் என்பது தெரிந்திருந்தால் சரி.

விண்ணப்பத்தை இப்படி எழுதலாம்: "கடந்த ஆண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, சபைக்குச் சொந்தமான சந்தைக் கட்டடத்திலிருந்து கடை வாடகையாகவும் குத்தகையாகவும் கிடைத்த மொத்தத் தொகை, டிசம்பர் 31ஆம் திகதியில் இருந்த நிலுவைத் தொகை, அதே காலத்தில் அந்தக் கட்டடத்தின் திருத்தம், துப்பரவு, வடிகால் ஆகியவற்றுக்குச் செலவிட்ட தொகை ஆகிய விபரங்களையும், அச்செலவுகளுக்கான கொடுப்பனவு வவுச்சர்களையும் ஒப்பந்தங்களையும் பார்வையிட அனுமதியையும் கோருகிறோம்." இதற்குமேல் ஒரு வரியும் வேண்டாம், முறைப்பாட்டை இதற்குள் சேர்த்தால் முறைப்பாட்டுக்கு மட்டும் பதில் வரும். அதற்கென உள்ள படிவத்தில்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை, சாதாரணக் கடிதம் போதும். உத்தியோகத்தரின் பெயர் தெரியாவிட்டால் "தகவல் உத்தியோகத்தர்" என்று சபையின் முகவரிக்கு எழுதலாம். நேரில் கொடுத்தால், கிடைத்ததாக எழுத்தில் உறுதி தருவது அவர் கடமை. திகதி போட்ட அந்தத் துண்டை வாங்காமல் படியிறங்க வேண்டாம். 14 வேலை நாட்கள் அந்தத் திகதியிலிருந்துதான் எண்ணப்படும்.